அடுப்பில் ஏறாத சாக்லேட்

ஜனவரி 12

கீச்சு,

இந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கான்னு தெரியல. உன் அண்ணன் வச்ச பேரு. அவர் போய் ஏழு மாசம் ஆச்சு. ஆனாலும் உன்னை வேற எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்கு வரமாட்டேங்குது.

எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்கோ. வலது கையில மூணு விரல்தான் மடங்குது. தையல் மெஷின் பக்கம் இனிமே போக முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நான் படுத்திருந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்லயே பைல் அடுக்கற வேலை போட்டுக் கொடுத்திருக்காங்க. பெண்கள் விடுதியில ஒரு கட்டில், ஒரு அலமாரி. ரூம்ல அடுப்பு வைக்கக் கூடாதுன்னு சட்டம். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிச்சிருக்கு. தீக்குச்சி உரசற சத்தம் கேட்டாலே நான் எழுந்து வெளியில போயிடறேன்.

இத்தோட ஒரு தகர டப்பா அனுப்பியிருக்கேன். சாக்லேட்டும் பீனட் பட்டரும் வச்சு நானே செஞ்சது. விரலுக்குப் பயிற்சி கொடுக்கற அம்மா தினமும் ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாங்க. பந்தை அமுக்கி அமுக்கி என்ன பிரயோஜனம்னு பிஸ்கட் பொடியையும் பீனட் பட்டரையும் பிசைய ஆரம்பிச்சேன். அடுப்பே வேண்டாம். கெட்டில்ல கொதிச்ச தண்ணிய ஒரு பேசின்ல ஊத்தி, அதுமேல கிண்ணத்தை வச்சா சாக்லேட் தானா உருகிடுது. முதல் தடவை செங்கல் மாதிரி வந்துச்சு. பக்கத்துக் கட்டில் நர்ஸ் அதையும் விடாம கடிச்சு, பல்லைத் தடவிப் பார்த்துக்கிட்டா. இது நாலாவது தடவை செஞ்சது. நல்லா வந்திருக்கு.

என் பொண்ணு பொடிசுக்குக் கொடு. நான் அனுப்பினேன்னு சொல்ல வேண்டாம்னா சொல்லாதே. அவ சாப்பிட்டான்னு ஒரு வரி எழுதினா போதும்.

அண்ணி

 

ஜனவரி 21

டப்பா வந்தது. குழந்தையிடம் கொடுக்கவில்லை. பள்ளியில் ஆசிரியர் அறை மேஜையில் வைத்தேன். முதல் இடைவேளையிலேயே தீர்ந்துவிட்டது. நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதை மதித்ததற்கு நன்றி. மணி எது அடித்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பால்காரர் மணிகூட. எதுவானாலும் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காமலே சிலவற்றைச் சொல்கிறேன். அவள் என் வீட்டுச் சமையலறைக்குள் இதுவரை கால் வைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாசற்படியில் நின்று டம்ளரை நீட்டுகிறாள். படுக்கையை நனைக்கிறாள். எட்டு வயதில். கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாக எதுவும் பேசமாட்டாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற எனக்கு இந்த ஒரு பிள்ளையின் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனதாக நீங்களே தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு சட்டி. அதற்கு என் அண்ணன் விலை. அந்தக் கையால் செய்த இனிப்பை அவன் பிள்ளைக்கு எப்படி ஊட்டச் சொல்கிறீர்கள்?

இனி அனுப்ப வேண்டாம்.

 

பிப்ரவரி 2

கீச்சு,

நீ கோபமா எழுதியிருந்தாலும் எழுதினியே. ரெண்டு பக்கத்தையும் நாலு தடவை படிச்சேன். பொடிசைப் பத்தின வரிகளை மட்டும் இன்னும் அதிகமா.

டப்பா இனி வராது. அதுக்குப் பதிலா செய்முறைய எழுதி வச்சிருக்கேன். அவ சமையலறைக்குள்ள வரலைன்னா சமையலறைய வெளியில கொண்டு வா. சாப்பிடற மேஜை போதும்.

பிஸ்கட் ரெண்டு கப், நல்லா பொடி பண்ணிக்கோ. ஒரு பையில போட்டு அவகிட்டயே கொடு, கட்டையால அடிச்சு நொறுக்கட்டும். அடிக்கறது அவளுக்கு நல்லது. பொடிச்ச சர்க்கரை அரை கப், வெண்ணெய் அரை கப், பீனட் பட்டர் ஒரு கப். எல்லாத்தையும் சேர்த்துப் பிசைஞ்சா ஈரமண் மாதிரி வரும். தட்டுல பேப்பர் போட்டு அதைக் கொட்டி, உள்ளங்கையால அமுக்கி சமமாக்கணும். மேல உருகின சாக்லேட்டை ஊத்து. அதுல ஒரு ஸ்பூன் பீனட் பட்டர் கலந்துக்கோ, இல்லாட்டி வெட்டறப்ப விரிசல் விடும். கிண்ணத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணிகூட விழக்கூடாது. விழுந்தா சாக்லேட் திரிஞ்சு கட்டியாயிடும், அதை ஒண்ணும் பண்ண முடியாது. ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சா போதும்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சாக்லேட்டை நீ மட்டும் தனியா உருக்கு. அந்த நேரத்துல அவளை பால்கனிக்கோ எங்கயோ அனுப்பிடு. சுடுதண்ணி, கை கால்ல பட்டுடும். அதுக்குத்தான் சொல்றேன்.

அண்ணி

 

பிப்ரவரி 24

உங்கள் செய்முறையைக் கிழிக்கவில்லை. செய்யவும் இல்லை. அலமாரியில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரரைப் போன வாரம் மருந்துக் கடையில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க அண்ணன் வெளிய வந்துட்டாரும்மா. படிக்கட்டுல நின்னு இருமிட்டு இருந்தார். நான் பார்த்தேன். அப்புறம் திரும்பி உள்ள ஓடினார்" என்றார்.

வெளியே வந்துவிட்ட மனிதன் எதற்குத் திரும்பிப் போனான்? உங்களைத் தேடியா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். அவன் போனபின் உங்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இது.

 

மார்ச் 6

கீச்சு,

ஆமா. என்னைத் தேடித்தான் போனார்.

நான் உள்ள மாட்டிக்கிட்டேன்னு நினைச்சுட்டார். அவ்வளவுதான். இதை நீ எப்படி வேணா எடுத்துக்கோ. என்மேல இன்னும் கொஞ்சம் கோபம் கூடினாலும் பரவாயில்ல, தாங்கிக்கறேன்.

இங்க வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. பைல் முதுகுல நம்பர் இருக்கும், நம்பரைப் பார்த்து அடுக்கணும். நேத்து உன் அண்ணனோட பைல் கையில வந்துச்சு. ரொம்ப மெல்லிசு. ரெண்டே நாள்தானே உள்ள இருந்தார். அதை அதோட இடத்துல வச்சுட்டு பாத்ரூம்ல போய் நின்னேன். சூப்பர்வைசர் அம்மா ஒரு டீ வாங்கிக் கொடுத்தாங்க.

உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். அந்த நாளைப் பத்திப் பொடிசுகிட்ட எதுவும் கேக்காதே. எவ்வளவு அன்பாக் கேட்டாலும் வேண்டாம்.

அண்ணி

 

மார்ச் 30

அண்ணி,

இன்றைக்கு அண்ணி என்றுதான் எழுத வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் மழை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்து விரலிலும் நகமே இல்லை. இனி சதையைத்தான் கடிக்க வேண்டும். பார்க்கச் சகிக்காமல் உங்கள் காகிதத்தை எடுத்தேன். மேஜைமேல் பழைய பேப்பரை விரித்து பிஸ்கட்டைப் பையில் போட்டுக் கொடுத்தேன். "அடி" என்றேன். முதலில் தடவிக் கொடுப்பதுபோல் தட்டினாள். பிறகு அடித்தாள் பாருங்கள், மேஜையே ஆடியது. எங்கள் கீழ்வீட்டிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

மாவைப் பிசைய விட்டேன். கையெல்லாம் பீனட் பட்டர். விரலை நக்கினாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். சாக்லேட்டை உருக்கும்போது அவளை அனுப்பிவிடச் சொல்லியிருந்தீர்கள். நானும் அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள் அண்ணி. பிஸ்கட் துண்டு பெரிசா இருக்கு, சின்னதா இருக்கு என்று. அந்தப் பேச்சை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. சுடுதண்ணீர்ப் பேசினை மேஜை நடுவில் தள்ளி வைத்து, கிண்ணத்தை அதில் இறக்கினேன்.

ஓரத்தில் இருந்த துண்டு முதலில் பளபளத்தது. பிறகு சரிந்தது. அவள் மோவாயை மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அத்தை, இது தீ இல்லாமலே உருகுதே."

"ஆமா, சூடு போதும். தீ வேண்டாம்."

இன்னொரு துண்டும் சரிந்தது. பிறகு ரொம்ப மெதுவாக, "அன்னைக்கு எனக்கு இது தெரியாது" என்றாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. உங்களுக்குக் கொடுக்காத வாக்கைக்கூட நான் காப்பாற்றினேன். அவளே சொன்னாள். அப்பா தூங்கி எழுந்ததும் கொடுக்க வேண்டும் என்று சாக்லேட்டைச் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாளாம். நீங்கள் முந்தின வாரம் செய்ததைப் பார்த்திருந்தாளாம். சட்டியைப் பிடிக்க எடுத்த துணியில் நெருப்பு. துணியை உதறினாள், திரைச்சீலையில் பிடித்தது. உங்களைக் கூப்பிட மாடிக்கு ஓடினாள். "அம்மா, நான் வச்சேன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. இப்ப சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்டாள், அப்பா ஏன் திரும்ப உள்ளே போனார் என்று. நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். "அம்மாவைத் தேடி." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா மாடியில இருக்காங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமே. அவர்தானே படுக்கறதுக்கு முன்னாடி சட்டை காஞ்சிருக்கா பாருன்னு அனுப்பினார்" என்றாள்.

சாக்லேட்டை அப்படியே விட்டுவிட்டோம். சாயங்காலம் பார்த்தபோது கிண்ணத்தோடு இறுகிக் கிடந்தது.

அண்ணி, இதெல்லாம் உங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். இல்லையா?

 

ஏப்ரல் 6

கீச்சு,

தெரியும்.

இனிமே ஒளிக்க என்ன இருக்கு. நான் மாடியில துணியை மடிச்சுக்கிட்டு இருந்தேன். பொடிசு ஓடி வந்து "அம்மா, புகை"ன்னு என் புடவையப் பிடிச்சு இழுத்தா. நாங்க பின்பக்கப் படியில இறங்கினோம். அதுதான் கிட்ட. அதே நேரத்துல அவர் முன்பக்கப் படியில நின்னுக்கிட்டு "பொடிசு எங்க? பொடிசைப் பார்த்தீங்களா?"ன்னு எல்லார்கிட்டயும் கேட்டிருக்கார். யாருக்கும் தெரியல. அவ கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கற பழக்கம் உனக்குத் தெரியும்ல? இருமிக்கிட்டே உள்ள போயிட்டார். கதவு தானா சாத்திக்கிச்சு. நான் வந்து சேர்ந்தப்ப ஒரு நிமிஷம்தான் தாமதம். இரும்புத் தாழ்ப்பாளை ரெண்டு கையாலயும் பிடிச்சேன். அது எவ்வளவு சுட்டுச்சுன்னு எனக்குத் தெரியவே இல்ல. கதவைத் திறக்க முடியாததுதான் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் முதல் வேலையா அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அடுப்பு வச்சது அம்மா. நீ என்கூட மாடியில இருந்தே. யார் கேட்டாலும் இதான்." ஏழு வயசுப் பிள்ளை, மறந்துடும்னு நினைச்சேன். அவ தோள்ல இருக்கற மூட்டையை நான் வாங்கிக்கறேன்னு நினைச்சு, அவ வாயைத் தைச்சிட்டேன். தையல்காரி புத்தி.

நீ என்கிட்டேர்ந்து அவளைப் பிடுங்கிட்டுப் போனதா எல்லாரும் பேசறாங்க. நீயும் அப்படித்தான் நினைச்சிருப்ப. இல்ல. நான்தான் விட்டேன். கட்டுப் போட்ட கையோட நான் இருந்ததைப் பார்த்து அவ சாப்பாட்டையே தொடமாட்டேன்னா. அதுவும் பாதிக் காரணம்தான். மீதியை உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவரை எடுத்துட்டுப் போன அன்னைக்கு, அவ என் கட்டில் பக்கத்துல வந்து நின்னா. எனக்கு அவ முகத்தைப் பார்க்கப் பிடிக்கல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவ கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டா. அந்த ஒரு தடவைதான். ஆனா பிள்ளைங்களுக்கு ஒரு தடவை போதும்.

நீ என்னைத் திட்டினதுல ஒண்ணுகூட எனக்கு அதிகமாத் தெரியலன்னா அதுக்குக் காரணம் இதுதான்.

அண்ணி

 

ஏப்ரல் 15

அண்ணி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்துகிறவளுக்கு மன்னிப்புக் கேட்க நாலு வரி வரவில்லை.

நான் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, என் அண்ணனை அவன் பெண்டாட்டிதான் கொன்றாள் என்று சொன்னேன். பெரியப்பா, சித்தி, அவனோடு அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள், ஒருத்தரையும் விடவில்லை. உங்களை யாரும் வந்து பார்க்காததற்கு நான்தான் காரணம். இப்போது அதை எப்படித் திரும்ப வாங்குவேன்? அண்ணி செய்யவில்லை என்றால், அப்புறம் யார் என்று கேட்பார்கள். ஒரு கேள்விதான், நேராகப் பொடிசின் தலையில் போய் உட்காரும். உங்களைக் காப்பாற்ற அவளைக் காட்டிக் கொடுக்க வேண்டும். என்னால் முடியாது. உங்களுக்குச் செய்ததை அப்படியே விட்டுவைத்துத்தான் நான் இனி வாழ வேண்டும்.

அவள் அன்றைக்குப் பேசியதோடு சரி. மறுபடி மூடிக்கொண்டாள். நேற்று மட்டும் தலை வாரும்போது, "அம்மாவுக்கு என்மேல கோபம், அதான் வர்றதில்ல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வாங்க அண்ணி. ஒரு சனிக்கிழமை வாங்க. இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.

கீச்சு

 

ஏப்ரல் 22

கீச்சு,

மே ரெண்டாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ல வரேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேலை இருக்கு, அன்னைக்கு விடியற முதல் பஸ்ல திரும்பணும்.

சொந்தக்காரங்க பேசறதை அப்படியே விடு. அவங்க என்னை வந்து பார்த்து எனக்கு என்ன ஆகப்போகுது. நீ யார்கிட்டயும் எதையும் திருத்த வேண்டாம்.

எனக்கு பயம் வேற. அவ என் கையைப் பார்ப்பா. கையுறை போட்டுக்கிட்டு வரலாமான்னு நர்ஸைக் கேட்டேன். "வெயில் காலத்துல கையுறையா, பஸ்ல திருடின்னு பிடிச்சிடுவாங்க"ன்னா. சிரிச்சோம். ஆனா கேட்டது நிஜமாத்தான்.

அண்ணி

 

மே 5

அண்ணி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் போனபின் நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் இங்கே இருந்தபோது நடந்ததையும் எழுத வேண்டும்போல இருக்கிறது. நீங்கள் இருந்தீர்கள்தான், ஆனால் பாதி நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவள் உங்களைக் கண்டதும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, இதற்கா இவர்களை வரச் சொன்னோம் என்று நினைத்தேன். நீங்கள் அவளைக் கூப்பிடாமல் அந்த மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்தீர்கள். இருட்டும் வரை. நான் வைத்த சாப்பாட்டை மூன்று பேருமே தொடவில்லை. அவள் கேட்ட குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. மேஜைக்கு அடியிலிருந்து, உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, "அப்பா என்னைத் தேடித்தானே உள்ள போனார்?"

நான் பொய் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் அண்ணி. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஆமா."

"நான் மாடியில இருந்தேன்."

"ஆமா. அது அவருக்குத் தெரியாது."

"யாராவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியல. நான் ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. அண்ணனை எடுத்துப்போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லையே. நீங்கள் மேஜைக்கு அடியில் கையை நீட்டினீர்கள். அவள் பிடிக்கவில்லை. தள்ளியும் விடவில்லை. அந்தக் கை அப்படியே தரையில் கிடந்தது. அவள் அதையே பார்த்து அழுது அழுது, தரையிலேயே தூங்கிப்போனாள். நீங்களும் அங்கேயே படுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவளை எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. படுக்கை நேற்றும் நனைந்தது. சமையலறை வாசலைத் தாண்டவில்லை. இன்றைக்கு ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கென்று இருக்கிற மருத்துவரிடம் வருகிற வாரம் கூட்டிப் போகிறேன். அந்த நாளில் நடந்ததை அவரிடம் நீங்களும் வந்து சொல்ல வேண்டியிருக்கும். பொய் இல்லாமல்.

ஒன்று மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் நீங்கள் படுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். "அம்மா எங்க?"

"முதல் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. வேலை இருக்கு."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"நீ தூங்கிட்டு இருந்தே."

"எழுப்பியிருக்கலாம்ல!" என்று கத்தினாள். தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தாள். என்னை முறைத்துவிட்டு பால்கனிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் திறக்கவில்லை.

அண்ணி, இந்தப் பதினோரு மாதத்தில் அவள் யார்மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த தடவை அவளை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கீச்சு